இடது பக்கம் எதிராளிக்கு

1943, மார்ச் 14. சேலம்.

மேடையில் இரண்டு பேர். ஒருவருக்கு 63 வயது. வக்கீல், தமிழ்ப் பேராசிரியர், வ.உ.சி.யின் நண்பர்... சோமசுந்தர பாரதியார். இன்னொருவருக்கு 33. காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழை நடத்திக்கொண்டிருந்த சி.என்.அண்ணாதுரை. விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் சாதாரணமானதல்ல. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா, கூடாதா?

இன்றைக்கு இப்படி ஒரு தலைப்பில் மேடை போட்டால், பேச்சாளர்களைவிட போலீஸ்காரர்கள்தான் அதிகம் பேர் வருவார்கள். அன்றைக்கு எதிரெதிராக நின்று பேசினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால், பிப்ரவரி 9-ம் தேதி, சென்னை சட்டக் கல்லூரியில் இதே விஷயத்தில் ரா.பி.சேதுப்பிள்ளையோடு மோதியிருந்தார் அண்ணா. சேலத்தில் நடந்தது ரெண்டாவது ரவுண்டு!

இதில் ஒரு வேடிக்கை. ஐந்து வருஷம் முன்னால், 1938-ல், இதே பாரதியாரும் அண்ணாவும் ஒரே அணி. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தோளோடு தோள் நின்றவர்கள். (அந்த இந்தியைக் கொண்டுவந்த பிரதமர் ராஜாஜி யார்? சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். ஊர் விட்டு ஊர் போனாலும் சேலம் விடாது!)

சரி, ஜெயித்தது யார்? அது நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கழகத்துக்காரர் ஒரு பதில் சொல்வார், கம்பன் அன்பர் ஒரு பதில் சொல்வார். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. என் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த விவாதங்கள் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் புத்தகமாக வந்தன. அதில் இரண்டு தரப்புப் பேச்சும் இருக்கிறது. டேப் ரிக்கார்டர் மேடைக்கு வராத காலம் அது. பேச்சு மிஞ்ச வேண்டும் என்றால் காகிதத்தில் ஏறினால்தான் உண்டு. அப்படி ஏறியதால்தான், எண்பது வருஷம் கழித்தும் நீங்களும் நானும் 'இவர் இதைச் சொன்னார், அவர் அதற்கு இப்படிப் பதில் சொன்னார்' என்று விரல் வைத்துப் பார்க்க முடிகிறது.

'இவர் இதைச் சொன்னார், அவர் இப்படிப் பதில் சொன்னார்'... விவாதம் என்பதே இந்த ஒற்றை வரிதான். ஆனால், நம் பள்ளிக்கூடங்களில் நடக்கும் விவாத மேடைகளைப் பார்த்திருக்கிறீர்களா? தமிழய்யா எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தைப் பையன் மனப்பாடம் செய்துகொண்டு வருவான். 'நடுநிலை தவறாத நடுவர் அவர்களே' என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் ஒப்பிப்பான். நடுவில், 'எதிரணியினர் ஒன்றைச் சொன்னார்கள்...' என்று ஒரு வரி வரும். எதிரணி அதைச் சொல்லியே இருக்காது! அது போன வாரமே வீட்டில் எழுதி வைத்த வரி. நடுவரும் சிரித்துக்கொண்டே மார்க் போட்டுவிடுவார்.

அது பேச்சுப் போட்டி. தப்பில்லை, அதற்கும் ஒரு திறமை வேண்டும். ஆனால் விவாதம் அதுவல்ல.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் ஒரு காலத்தில் ப்ளஸ் டூ ரேங்க் பட்டியலை அள்ளிக்கொண்டு போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2017-ல் அரசாங்கம் ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விடிகாலை எழுந்து நோட்ஸ் நோட்ஸாகப் படித்தவர்கள். ஆனால் அந்த நோட்ஸ் எல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது, அல்லது யாரோ சொல்லச் சொல்ல எழுதியது. எதிரில் ஒருவன் தனக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தைச் சொல்லும்போது, அதைக் காது கொடுத்துக் கேட்டு, சாரத்தைப் பிடித்து, அவன் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்வது இருக்கிறதே... அதற்கு நம்மிடம் பாடவேளையே கிடையாது.

இத்தனைக்கும் நம்முடைய பழைய ஆட்கள் இதில் கில்லாடிகள்.

நியாய சூத்திரம் என்று ஒரு நூல். தர்க்கத்துக்கு இலக்கணம். அதில் வாதத்தில் ஒருவன் தோற்றுவிட்டான் என்று எப்போது முடிவு செய்வது என்பதற்கு 22 விதிகள் இருக்கின்றன. நிக்கிரகத்தானம் என்று பெயர். அதில் ஒன்றின் பெயர் அனனுபாஷணம். எதிராளி ஒரு வாதத்தை மூன்று தடவை சொல்லிவிட்டான், சபைக்கும் புரிந்துவிட்டது, ஆனால் உன்னால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால்... ஆட்டம் முடிந்தது, நீ அவுட்! பதில் சொல்வது அப்புறம். முதலில், அவன் என்ன சொன்னான் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நம் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். வஞ்சி மாநகரத்தில் பத்து சமயவாதிகளைத் தேடிப்போய் ஒவ்வொருவரிடமும் 'உங்கள் கொள்கை என்ன?' என்று கேட்கிறாள். பெரும்பாலும் கேட்டுக்கொள்வதோடு சரி. கடைசியில் பூதவாதி வருகிறான். கண்ணால் கண்டதை மட்டும்தான் ஒப்புக்கொள்வேன், அனுமானம் எல்லாம் செல்லாது என்கிறான். மணிமேகலை அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உன் அப்பா அம்மா இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? அவ்வளவுதான். அவனுடைய வாதத்தில் எந்த இடத்தில் ஓட்டை என்பதைப் பிடித்த கேள்வி. உன்னிப்பாகக் கேட்டவளால்தான் அப்படிக் கேட்க முடியும்.

இன்னும் கறாரானவர் 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாச்சாரியார். அவர் எழுதிய சிவஞான சித்தியாருக்கு இரண்டு பகுதி. பரபக்கம், சுபக்கம். அதாவது அடுத்தவர் பக்கம், நம் பக்கம். பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கி ஒவ்வொரு மதத்துக்காரனுடைய கட்சியையும் முதலில் எடுத்து வைக்கிறார். அதன் பிறகு 'மறுதலை' என்று பதில். நாத்திகனுக்கும் அங்கே தனி இடம் உண்டு. நன்றாகக் கவனியுங்கள்... அடுத்தவர் பக்கத்தை எழுதி முடித்த பிறகுதான் தன் பக்கத்துக்கே வருகிறார்!

பி.காம். படித்தவன் என்பதால், எனக்கு இதைப் பார்த்ததும் ஞாபகம் வருவது பேரேடுதான். ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு. 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பேசியோலி என்ற பாதிரியார் அச்சில் போட்டுக் கொடுத்த இரட்டைப் பதிவு முறையில், ஒரு பக்கம் ஒரு பதிவு விழுந்தால் இன்னொரு பக்கம் அதற்கு ஈடான பதிவு விழுந்தே ஆக வேண்டும். விழாவிட்டால் கணக்கு இடிக்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் டேலி ஆகாது.

போட்டி விவாதத்தில் குறிப்பு எடுப்பதும் இதே கதைதான். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் இதற்கு 'ஃப்ளோ' என்று பெயர். ஒரு நீளமான தாளை எடுத்து, நெடுக்கில் பத்தி பத்தியாகப் பிரித்துக்கொள்வார்கள். முதல் பேச்சாளர் சொன்னது முதல் பத்தியில். அதற்குச் சொன்ன பதில், அதே வாதத்துக்கு நேர் எதிரே, அடுத்த பத்தியில். பதிலுக்குப் பதில் அதற்கடுத்த பத்தியில். நம் அணிக்கு ஒரு மை, எதிரணிக்கு ஒரு மை. தாளைக் குறுக்காகப் பார்த்தால், ஒவ்வொரு வாதமும் எங்கே ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறது என்பது தெரிந்துவிடும். எந்த வாதத்துக்கு எதிரே வெற்றிடம் இருக்கிறதோ, அதற்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். பதில் வராத வாதம் ஒப்புக்கொள்ளப்பட்ட வாதம். இதுதான் அந்த மேடைகளின் சட்டம். நடுவரும் இதே மாதிரி ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். உங்கள் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், செல்லப்போவது அவருடைய கணக்கு!

ஒரு உதாரணம் பார்க்கலாம். 'விடுதிப் பள்ளிகள் தேவைதான்' என்று ஒரு தலைப்பு. எதிரணிப் பெண் பேசுகிறாள். பஸ்ஸில் போகிற நேரம் மிச்சம், டி.வி. தொல்லை இல்லை, கொல்லிமலை உச்சியில் இருக்கிற பிள்ளைக்கும் நல்ல வாத்தியார் கிடைக்கிறார். மூன்று வாதம். நம் பையன் நோட்டில் என்ன எழுதுகிறான்? 'விடுதி நல்லது என்கிறாள்.' அவ்வளவுதான்! அப்புறம் எழுந்து, வீட்டு ஏக்கம், அம்மா கைச்சோறு, பாசம் என்று உருகி உருகிப் பேசிவிட்டு உட்காருகிறான். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கொல்லிமலைப் பிள்ளைக்கு அவன் என்ன பதில் சொன்னான்? ஒன்றுமே இல்லை. அந்த ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்திருந்தால், இரண்டு நிமிஷம் ஒதுக்கி, 'அப்படியானால் மலைக்கே வாத்தியாரை அனுப்புவதுதானே முறை?' என்றாவது கேட்டிருப்பான்.

மூன்று வாதத்தையும் முழுசாக எழுத நேரம் ஏது என்கிறீர்களா? நியாயமான கேள்வி. வாய் ஓடுகிற வேகத்தில் கால் பங்கு வேகத்தில்கூடக் கை ஓடாது. எல்லாவற்றையும் எழுத முயல்பவன் இரண்டாவது வாக்கியத்திலேயே பின்தங்கிவிடுவான். 'நேரம் - பஸ்', 'கவனம் - டி.வி.', 'மலை - வாத்தியார்'. இவ்வளவு போதும். எழுதுவதற்கு முன்னால் ஒரு விநாடி, 'இதில் எது முக்கியம்?' என்று மூளை முடிவெடுக்கிறது பாருங்கள், அங்கேதான் பாதி வேலை முடிகிறது. 2014-ல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், லேப்டாப்பில் குறிப்பெடுக்கும் மாணவர்கள் சொன்னதை அப்படியே அடித்துத் தள்ளுகிறார்கள், கையால் எழுதுகிறவர்கள் சுருக்கி எழுதுகிறார்கள் என்று கண்டார்கள். கையால் எழுதியவர்களுக்குத்தான் விஷயம் நன்றாகப் புரிந்தது என்றும் சொன்னார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் அந்த இரண்டாவது பகுதி அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. அதனால் லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அப்படியே அடித்துத் தள்ளுகிற பழக்கத்தை விவாத மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.

தமிழில் விவாதம் செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலீஷில் 'இல்லை' என்பது வாக்கியத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடும். தமிழில்? 'பெண்களுக்குத் தனிக் கல்லூரி கட்டுவதால் அவர்களுடைய படிப்பு முன்னேறிவிடும் என்று நான் சொல்ல...' இதுவரைக்கும் எழுதிவிட்டீர்கள். அடுத்து வரப்போவது 'வந்தேன்' என்பதா, 'மாட்டேன்' என்பதா? வாக்கியத்தின் தலையெழுத்தே கடைசி வார்த்தையில்தான் இருக்கிறது! அவசரக்காரன் பாதியிலேயே எழுதி முடித்துவிட்டு, எதிராளி சொன்னதற்கு நேர்மாறாகப் பதில் சொல்லி மூக்குடைபட்டுப் போவான். அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய முதல் பழக்கம், விஷயத்தை எழுது, முன்னால் ஒரு இடம் விடு, வாக்கியம் முடிந்ததும் அந்த இடத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடு.

குறி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சுருக்கி எழுதுவதற்கு நாம் வெளியே போய்க் கடன் வாங்க வேண்டியதே இல்லை. பழைய மண்டிக் கணக்குகளையும் பத்திரங்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று தமிழில் தனித்தனி எழுத்தே இருந்தது. நாள், மாதம், வருஷத்துக்கும் அப்படியே. கல்யாணப் பத்திரிகைகளில் ௴ என்று சுழித்திருப்பார்களே, அது மாதம். செவ்வாய்ப்பேட்டை மாதிரி வியாபாரப் பேட்டைகளில் கணக்குப்பிள்ளைகள் இதை வைத்துத்தான் ஒரு நாள் வியாபாரத்தையே ஒரு பக்கத்துக்குள் அடக்கினார்கள். எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், முதலாமவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்கிறாரா? பக்கத்தில் ஒரு ௸ போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு இந்த எழுத்துக்களைக் கற்றுக்கொடுத்துப் பாருங்கள், ரகசிய பாஷை கிடைத்த மாதிரி துள்ளுவார்கள்.

'ஞாபகசக்தி இருந்தால் காகிதம் எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக் காட்டினார். உண்மை. ஆனால் நூற்றாண்டுக்கு எத்தனை பாவலர் பிறக்கிறார்கள்? மற்றவர்களுக்குப் பேனாதான் கதி.

பேனா ஒரு பக்கத்தாரிடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சரித்திரம் இருக்கிறது. 1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கூட்டங்களில் பேசினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக போலீஸ்காரர்கள் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார்கள். அந்தக் குறிப்புகள்தான் பிறகு ராஜத்துரோக வழக்கில் முக்கியமான சாட்சியம். ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு விதித்தது இரண்டு இருபது வருஷ தண்டனை, ஆக நாற்பது! ஹைகோர்ட்டில் அது குறைந்தது வேறு கதை. பேசியவரின் நாற்பது வருஷம், கேட்டவர் எழுதிய தாளில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. சேலத்து மேடை ஏறிய பாரதியாருக்கு இது ஏட்டில் படித்த சரித்திரம் அல்ல, நண்பனின் வாழ்க்கை.

லண்டனில் நடந்தது வேறு வகை. 1740-களின் ஆரம்பத்தில் பார்லிமென்ட் விவாதங்களைப் பத்திரிகையில் போடத் தடை இருந்தது. அகராதி புகழ் சாமுவேல் ஜான்சன், யாரோ கொண்டுவந்து தந்த துண்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, அறையில் உட்கார்ந்தபடியே முழு நீளப் பேச்சுகளை எழுதித் தள்ளினார். சபை நடந்ததாகப் போட்டது எங்கே தெரியுமா? கலிவர் கதையில் வருகிற லில்லிபுட் நாட்டில்! ஜனங்கள் அதை நிஜப் பேச்சு என்றே நம்பிப் படித்தார்கள். தனக்குப் பிடிக்காத விக் கட்சிக்காரர்கள் வாதத்தில் மேலோங்கிவிடாதபடி பார்த்துக்கொண்டதாகப் பின்னாளில் அவரே ஒரு விருந்தில் சொன்னாராம். அற்புதமான எழுத்தாளர், ஆனால் குறிப்பு எடுப்பவராக ஜான்சனை நான் வேலைக்கு வைக்க மாட்டேன்.

எதிராளியின் பக்கத்தைச் சற்றே பலவீனமாக எழுதிக்கொள்வது... இந்த ஜான்சன் வியாதி எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். பெரியவர்களுக்கு இன்னும் அதிகம் (ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு நியூஸ் சேனலைப் போட்டுப் பாருங்கள்). வலுவான வாதத்தை நைசாக நழுவவிட்டு, சொத்தையான ஒன்றைப் பெரிசாக எழுதிக்கொண்டு அதை வெளுத்து வாங்குவது. இதிலும் சோமசுந்தர பாரதியாரைச் சொல்ல வேண்டும். கம்பனைக் காக்க வந்தவர் என்றாலும், கம்பன் பாத்திரங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வக்காலத்து வாங்கியவர் அல்ல. 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்றே ஒரு நூல் எழுதியவர். ஊரே திட்டுகிற கைகேயிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக் கணக்கு எழுதிய வக்கீல்!

ஆங்கில மேடைக்கும் இந்த வட்டாரம் ஆள் அனுப்பியிருக்கிறது. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் வாரிசான மோகன் குமாரமங்கலம், 1938-ல் கேம்பிரிட்ஜ் யூனியன் தலைவர். 1905-ல் அதே நாற்காலியில் இருந்தவர், பி.காம். பசங்களைப் பாடாய்ப்படுத்தும் பொருளாதார மேதை கெய்ன்ஸ். அந்த மாதிரி மேடைகளில் எழுதி வைத்துப் படித்தால் எடுபடாது. பாதிப் பேச்சில் எதிராளி எழுந்து நின்று குறுக்கே கேள்வி போடுவான். 2013 கடைசியில் தொடங்கி 2014 ஜனவரி வரை சென்னையில் உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி நடந்ததே, அதிலும் இதே பாணிதான். தலைப்பு தந்து பதினைந்தே நிமிஷம். ஆளுக்கு ஏழு நிமிஷம். மனப்பாடத்துக்கு வேலையே இல்லை.

சரி, வகுப்பில் எங்கே ஆரம்பிப்பது? நீங்கள் ஆசிரியராக இருந்தால், முதல் மாதம் பிள்ளைகளைப் பேசவே விடாதீர்கள். ஒரு முழுத் தாளை நெடுக்காக மடித்து இரண்டு பத்தி ஆக்கச் சொல்லுங்கள். இடது பக்கம் எதிராளிக்கு. யாராவது ஒருவர் மூன்று நிமிஷம் பேசட்டும். மற்றவர்கள் எழுதட்டும், ஒரு வாதத்துக்கு நாலு வார்த்தைக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றுக்கும் நம்பர், நடுவில் இரண்டு விரல் இடைவெளி. யார் சொன்ன புள்ளிவிவரம், எந்த வருஷம் என்று பேச்சாளர் சொன்னால் அதைத் தவறாமல் குறிக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு கேள்விக்குறி. பின்னால் அதுவே ஆயுதமாகும். வலது பக்கத்தைத் தொடவே கூடாது. பேசும்போதே பதிலை யோசிக்க ஆரம்பிக்கிறவனுக்கு அடுத்த வாதம் காதில் விழாது. இரண்டாவது மாதம் வலது பக்கத்தைத் திறந்துவிடலாம்.

அதற்குள் ஒரு விளையாட்டு. பேசி முடித்ததும் தாள்களைப் பேசியவனிடமே கொடுத்துவிட வேண்டும். 'நான் சொன்னது இதுதானா?' என்று அவன் இடது பக்கத்தைப் படித்துப் பார்ப்பான். சரியாக இருந்தால் கீழே கையெழுத்து. மண்டியில் வருஷக் கடைசியில் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்குவார்களே, அந்த மாதிரி. விடுபட்டிருந்தால், 'என் மூணாவது பாயின்ட் எங்கேடா?' என்று தாள் திரும்பி வரும். கையெழுத்து வாங்காதவனுக்கு அன்றைக்குப் பதில் பேச அனுமதி கிடையாது.

முதல் வாரம் பாதித் தாள்களாவது திரும்பி வரும். வரட்டும். சண்டை போட்டுக்கொண்டே திருத்தி எழுதுவார்கள்.